ஒண்டரை மடங்கு

மூன்று முத்திரை குத்திய அனுமதித் தாளோடு
அம்பாறையிலிருந்து வந்தது
இருபது லீற்றர் எதனோல்.
யாரும் குடித்துவிடாதபடி கசப்புக் கலந்திருந்தார்கள்.
சோதனைச் சாவடியில் மூடியைத் திறந்து மணந்தவர்
என் தாடியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்,
மறுபடி தாடியைப் பார்த்தார்.
எஞ்சினுக்குத்தான் சேர்.

அக்கரைப்பற்றில், கராஜின் தகரக் கதவை
அரைவாசி இறக்கிவிட்டு
காபரேற்றரைக் கழற்றிச் சோற்றுத் தட்டில் பரப்பினேன்.
பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று பதினாலே முக்கால்.
இதற்கு ஒன்பது போதும்.
அதாவது அதே காற்றுக்கு இவன்
ஒண்டரை மடங்குக்கு மேலே தின்பான்.
கணக்கைச் சிமெந்துப் பேப்பரில் எழுதிச்
சுவரில் ஒட்டினேன்.

ஜெற்றின் துவாரம்
எறும்பு தலை நுழைக்க யோசிக்கும் அளவு.
மெஷினில் பிடித்தால் பித்தளை கிழியும்.
ஊசி போன்ற துளைகம்பியை விரலிடையில் உருட்டி
ஒரு சுற்று, ஒரு ஊதல்,
வெளிச்சத்துக்கு நேரே ஒரு பார்வை.
மறுகா ஒரு சுற்று.
அசர் பாங்கோடு தொடங்கியது
மஃரிபுக்குள் ஒரு மயிரளவு அகன்றிருந்தது.

மிதவை ஊசியின் இருக்கையையும் அகட்டினேன்.
பழைய ரப்பர் வளையமொன்றை
இரவு முழுக்க எதனோலில் போட்டு வைத்தேன்,
விடிய அது சவ்வரிசி.
எல்லா வளையமும் மாற்றினேன்.
ஹெட்டைச் சீவக் கல்முனைக்குக் கொண்டுபோனால்
லேத்துக்காரர் தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றினார்.
"இவ்வளவு இறுக்கினா தட்டுமே தம்பி."
பெற்றோலுக்குத் தட்டும், இது பொறுக்கும் என்றேன்.
பொறுக்கும் என்பது நான் எங்கோ வாசித்தது.
அதை அவருக்குச் சொல்லவில்லை.

ஜெஸீலா வாசலிலேயே மறித்தாள்.
கையை மணந்தாள், முழங்கை வரை மணந்தாள்.
சவர்க்காரம், தேசிக்காய், மணல், மறுபடி சவர்க்காரம்.
பள்ளியில் என் பக்கத்தில் நின்றவர்
அரைச் சாண் தள்ளி நின்றார்.
மௌலவியிடம் கேட்டேன்.
"குடிக்கிற ஆர்?"
எஞ்சின்.
"எஞ்சினுக்குத் தொழுக கடமையில்ல"
என்றுவிட்டுச் செருப்பைத் தேடினார்.

பதினேழு உதைக்கும் அசையவில்லை.
காற்றுக் குழாய் வாயில் மூடியளவு பெற்றோல் காட்டினேன்.
பதினெட்டில் பிடித்தது.
புகையே இல்லை.
பழுத்து அழுகப்போகும் அன்னாசி மணம்.
பெற்றோலென்றால் பிளக் தேயிலைச் சாயத்தில் பேசும்,
இதில் வெள்ளையாகவே இருந்து மௌனம் காத்தது.
காதை வைத்துத்தான் மிச்சமெல்லாம் பிடித்தேன்.

வெட்டி முடிந்த வயல், பத்துச் சுற்று ஓட்டம்.
றுஸ்லி ஆறாம் சுற்றில் மூன்று பேரைத் தாண்டினான்.
வாய்க்கால் வரம்பில் எழும்பிப் பறந்து
அவன் இறங்கின விதத்தில்
எனக்குத் தொண்டை அடைத்தது.
எட்டாம் சுற்றில், வைக்கோல் போருக்குப் பின்னால்,
சத்தம் நின்றது.
உடையவில்லை, இருமவில்லை.
நின்றது.

தாள்கட்டைக்குள்ளால் உருட்டிக்கொண்டு வந்தான்,
முகமெல்லாம் புழுதி.
"என்ன உடைஞ்ச நானா?"
தாங்கியின் மூடியைத் திறந்தேன்.
அடியில் வெயில் தெரிந்தது.

ஜெற்றுக்குக் கணக்குப் பார்த்தேன்.
ஊசிக்கு, ஹெட்டுக்கு, தீப்பொறி நேரத்துக்குப் பார்த்தேன்.
பாரம் கூடாதென்று
பெற்றோல் காலத்தில் அளந்த அதே போத்தலால்
அதே அளவு ஊற்றியவனும் நான்தான்.
றுஸ்லிக்கு உடனே சொல்ல வாய் வரவில்லை.
வரம்பில் குந்தி அவனுடைய தண்ணீரைக் குடித்தேன்.

இரவு, சிமெந்துப் பேப்பரின் கடைசி வரிக்குக் கீழே
"தாங்கி" என்று எழுதும்போது
பென்சில் முனை ஒடிந்தது.
எழும்பிப் போய்க் கானின் மூடியை இறுக்கினேன்.
காற்றிலிருந்தே ஈரம் குடிக்கிற சாமான் இது.
ஊரோ
கடலுக்கும் களப்புக்கும் நடுவில்.